சாவியைத் திருப்பியும் உயிர் வராத கார்

சென்ற வாரங்களில் வீட்டு மின்சாரத்தைப் பற்றியும், சமையல் எரிவாயுக் கலனைப் பற்றியும் பேசினோம். இன்றைக்கு வாசலில் நிற்கும் காரைப் பற்றிப் பேசுவோம். அதிலும் எல்லாக் காரையும் பற்றியல்ல. நம் தோட்டத்துப் பையன்கள் ஆசை ஆசையாய் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை முழுதும் அதன் அடியில் படுத்துக் கிடக்கிறார்களே, அந்தப் பழைய விரைவுக் கார்களைப் பற்றி. குறிப்பாக அவற்றின் மின்சாரமும் சாவியும் செய்கிற கோளாறுகளைப் பற்றி.

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் பக்கத்துத் தோட்டங்களிலும், பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்துப் பழகி 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய ஊரைச் சுற்றியும், வடக்கே களும்பாங், உலு பெர்ணம் வரைக்கும் சென்று பாருங்கள். லயத்துக்குப் பக்கத்தில், வாழைமரத்தடியில், தகரக் கொட்டகைக்குள் ஒரு புரோட்டோன் சத்ரியாவோ, புத்ராவோ, வீராவோ நிற்கும். சில இடங்களில் பழைய ஹோண்டா சிவிக் நிற்கும். இவை இளைஞர்களுக்கு ஏன் பிடிக்கின்றன என்று பெரியவர்களுக்கு விளங்குவதில்லை. விலை குறைவு, எடை குறைவு, எஞ்சின் துடிப்பானது, உதிரிப் பொருள் எந்த ஊரிலும் கிடைக்கும். 1985-இல் சாகா வந்தது. 1990களில் வீராவும் சத்ரியாவும் வந்தன. 1996-இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தைப் புரோட்டோன் வாங்கியது. பிறகு வந்த சத்ரியா ஜி.டி.ஐ.யின் ஓட்டத்தைச் சீர்செய்தவர்கள் அந்த லோட்டஸ் ஆட்கள்தாம். பெர்ணம் ஆற்றைத் தாண்டினால் தஞ்சோங் மாலிம். அங்கே புரோட்டோனின் புதிய தொழிற்சாலை 2003-இல் திறக்கப்பட்டது. ஆகவே விரைவுக் கார் என்பது நமக்குத் தூர தேசத்துச் சமாச்சாரம் அல்ல. நம் வாசலில் நிற்கிற சமாச்சாரம்.

ஆனால் அந்தக் கார்களுக்கு வயதாகிவிட்டது. இருபது, இருபத்தைந்து, முப்பது வயது. இரும்புக்கு வயதானால் கண்ணுக்குத் தெரியும், துருப்பிடிக்கும். கம்பிக்கு வயதானால் தெரியாது. ஒருநாள் இரவு பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது, தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும், சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு வரவே மூன்று நான்கு மைல் செம்மண் பாதை என்றால், அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் இந்தப் பேச்சு.

வண்டி உயிர்பெறவில்லை என்றதும் நம்மவர் முதலில் செய்வது என்ன? பேட்டரியை மாற்றுவது. அடுத்து ஸ்டார்ட்டரை மாற்றுவது. பிறகு அல்டர்னேட்டர். ஒவ்வொன்றும் நூறு, இருநூறு, முந்நூறு வெள்ளி. மாத முடிவில் பார்த்தால் சம்பளம் போயிருக்கும். வண்டி அதே இடத்தில் நிற்கும். நாம் அறிந்த ஓர் இளைஞர் இப்படித்தான் மூன்றையும் மாற்றிவிட்டு ஒரு வயர்மேனிடம் போய், "அண்ணே, எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன்" என்றார். அந்த வயர்மேன் சொன்ன பதில் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்: "மாத்தினது சரி தம்பி, பாத்தீங்களா?"

பார்ப்பது எப்படி? கையில் ஒன்றுமே இல்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. முன்விளக்கைப் போடுங்கள். ஒருவர் வண்டிக்கு முன்னால் நிற்கட்டும். இப்போது சாவியைத் திருப்புங்கள். விளக்கு அப்படியே மங்கி அணைகிற நிலைக்குப் போனால், மின்சாரத்தைக் கேட்கிறார்கள், கொடுக்க முடியவில்லை என்று பொருள். பேட்டரி தளர்ந்திருக்கலாம்; அல்லது பேட்டரி நன்றாக இருந்தும் வழியில் தடை இருக்கலாம். விளக்கு சற்றும் மங்காமல் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்க, எஞ்சினும் பேசாமல் இருந்தால், மின்சாரத்தை யாரும் கேட்கவே இல்லை என்று பொருள். அப்போது பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை. சாவிக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சு, ஸ்டார்ட்டருக்குப் போகும் சிறு கம்பி, ரிலே, தானியங்கி கியர் வண்டியானால் கியர்க் கம்பின் கீழுள்ள சுவிட்சு இவற்றில்தான் தேட வேண்டும். எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை என்றால் அது மூன்றாவது கதை; எரிபொருளோ, தீப்பொறியோ, சாவியின் காவல்காரனோ காரணம். அதற்குப் பின்னால் வருவோம்.

"விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, அப்படியானால் பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது?" என்று பலர் கேட்பார்கள். லயத்துத் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் பாசி அடைத்திருந்தாலும் ஒரு குவளை நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் சொட்டும். ஆனால் தொட்டியை நிரப்ப முடியாது. ஒரு முன்விளக்குக்குத் தேவை ஏறக்குறைய 5 ஆம்பியர். ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுற்றும்போது இழுப்பதோ 100 ஆம்பியருக்கும் மேல். பேட்டரி முனையில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருக்கும் உப்பு, 5 ஆம்பியரை விட்டுவிடும், 100-ஐ விடாது. கடற்கரையை ஒட்டிய நம் மாவட்டத்தில், உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து இந்தப் பூப்பு சீக்கிரமாகவே வரும்.

முனைகளைக் கழற்றும்போது ஒரு வரிசை உண்டு. கறுப்பு, அதாவது நெகடிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதையே கடைசியில் மாட்ட வேண்டும். ஏனென்றால் காரின் உடம்பு முழுதும் நெகடிவுடன் இணைந்திருக்கிறது. சிவப்பு முனையை முதலில் திருகும்போது ஸ்பானர் தவறி உடம்பில் பட்டால் பெரும் பொறி பறக்கும். பேட்டரிக்குள்ளிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். பொறி பட்டால் அது வெடிக்கும். உள்ளே இருப்பது கந்தக அமிலம். ரப்பர்ப் பால் உறைய வைக்கும் அமிலத்தைக் கையாண்ட நம் தாய்மாருக்கு அமிலம் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று தெரியும். இது அதைவிடக் கடியது. முனையைச் சூடான தண்ணீரில் சமையல் சோடா கலந்து கழுவி, உலர்த்தி, கம்பித் தூரிகையால் உலோகம் பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கமாக மாட்டி, மேலே சிறிது வாஸ்லீன் தடவினால் போதும். செலவு ஒரு வெள்ளிகூட ஆகாது.

அதோடு நின்றுவிடாதீர்கள். பேட்டரியிலிருந்து உடம்புக்குப் போகும் பட்டையையும், உடம்பிலிருந்து எஞ்சினுக்குப் போகும் பட்டையையும் பாருங்கள். இதை 'எர்த்து' என்று நம் பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். பழைய விரைவுக் கார்களின் மின்கோளாறில் பாதி இந்த எர்த்தில்தான் என்று நாம் சொன்னால் எந்த வயர்மேனும் மறுக்க மாட்டார். எர்த்து கெட்டால் வண்டி பைத்தியக்காரத்தனமாக நடந்துகொள்ளும். சிக்னல் போட்டால் பின்விளக்கு மினுக்கும். பிரேக்கை அழுத்தினால் வானொலி நிற்கும். பேய் பிடித்ததென்று எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டியவர்களும் உண்டு. எலுமிச்சம்பழத்தைக் குறை சொல்லவில்லை. கூடவே எர்த்தையும் முடுக்கிவிடுங்கள் என்கிறோம்.

ஒரு சிறு மீட்டர் வாங்கிக்கொள்வது நல்லது. இரும்புக் கடையில் சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கிறது. வண்டி ஓர் இரவு முழுதும் நின்ற பிறகு பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். 12-க்கும் கீழே என்றால் பசியோடு இருக்கிறது. அடுத்து எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறினால் அல்டர்னேட்டர் வேலை செய்கிறது. அதை மாற்றச் சொல்கிறவரிடம் 'எதற்கு?' என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 15-க்கு மேல் ஏறினால் அதுவும் கேடுதான். பேட்டரி கொதித்துக் காயும். எஞ்சின் ஓடும்போதும் 12-லேயே நின்றால் பெல்ட்டையும் அல்டர்னேட்டரையும் பார்க்க வேண்டும். இந்த எண்களை ஒரு காகிதத்தில் எழுதிக் கொட்டகையில் ஒட்டிவையுங்கள்.

இரவு நன்றாக இருந்த பேட்டரி மூன்றே நாளில் காலியாகிறதா? அப்படியானால் உள்ளே ஒரு திருடன் இருக்கிறான். வண்டி தூங்கும்போதும் கடிகாரத்துக்கும் அலாரத்துக்கும் கணினிப் பெட்டிக்கும் கொஞ்சம் மின்சாரம் போகும். 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு. 40 ஆம்பியர்-மணி பேட்டரி அந்தக் கணக்கில் 800 மணி நேரம், அதாவது ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். ஆனால் டிக்கி விளக்கு அணையாமல் இருந்தாலோ, பையன்கள் பூட்டிய ஒலிபெருக்கிப் பெட்டி விழித்துக்கொண்டே இருந்தாலோ அது 500 மில்லி ஆம்பியர் ஆகிவிடும். அப்போது கணக்கு 80 மணி நேரம். மூன்று நாளும் கொஞ்சமும். கணக்குப் பாடம் எதற்கு என்று கேட்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

திருடனைப் பிடிக்கும் முறை இது. எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளை மூடி, நெகடிவ் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் முனைக்கும் இடையில் மீட்டரை ஆம்பியர் அளவில் வைத்து இணையுங்கள். சில நிமிடம் பொறுத்து அளவைப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு சட்டென்று இறங்குகிறதோ, அந்த வழியில்தான் திருடன். மீட்டர் இணைந்திருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் செய்யக்கூடாது, மீட்டர் கருகிவிடும்.

ஃபியூஸ் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தட்டை ஃபியூஸ்களுக்கு நிறக் கணக்கு உண்டு. 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. 10 எரிந்துபோனால் 10-தான் போட வேண்டும். 'திரும்பத் திரும்ப எரியுது' என்று சொல்லி 30-ஐச் செருகுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைச் சுருட்டி வைப்பதும் நம் தோட்டங்களில் நடக்கிறது. ஃபியூஸ் எரிவது கோளாறு அல்ல. அது காவல்நாய் குரைப்பது. நாயின் வாயைக் கட்டினால் திருடன் போய்விடுவானா? ஃபியூஸ் எரியாவிட்டால் கம்பி எரியும். கம்பிக்குப் பக்கத்தில் எரிபொருள் குழாய். காருக்குப் பக்கத்தில் பலகை வீடு. கொட்டகையில் கார் எரிந்தால் லயம் முழுதுக்கும் ஆபத்து.

இனி நமக்கே உரிய ஒரு தொல்லை. மலேசியாவில் வாணிப அடிப்படையில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது எங்கே தெரியுமா? 1917-இல், இதே பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில், தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். செம்பனை வந்தது, பழம் தின்ன எலியும் பெருகியது. எலியைப் பிடிக்கத் தோட்டங்களில் ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைக்கிறார்கள். அந்த ஆந்தை உங்கள் காரின் மூடிக்குள் வராது. வெதுவெதுப்பான எஞ்சினுக்கு மேல் எலி வந்து படுத்து, பல்லுக்கு வேலை கொடுக்கக் கம்பியைக் கடிக்கும். நேற்று ஓடிய வண்டி இன்று ஒரு சிலிண்டர் இல்லாமல் தடதடக்கிறது என்றால் மூடியைத் திறந்து புழுக்கையும் கடித்த அடையாளமும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைக்கும் விரைவுக் கார்களுக்குத்தான் இது அதிகம். கொட்டகையில் நெல், தேங்காய்ப் புண்ணாக்கு, கோழித் தீவனம் வைக்காதீர்கள். கடிபட்ட கம்பியை முறுக்கி நாடா சுற்றுவதோடு விடாமல், ஈயம் பற்றவைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடச் சொல்லுங்கள்.

இப்போது சாவிக்கு வருவோம். பழைய வண்டியின் சாவி என்பது பல்லுள்ள ஒரு உலோகத் துண்டு. பூட்டுக்குள் சிறு தகடுகள் ஸ்பிரிங்கின் மேல் நிற்கும்; சாவியின் பள்ளம் மேடு அவற்றைச் சரியான உயரத்தில் நிறுத்தும்போதுதான் உருளை திரும்பும். இருபது ஆண்டு தேய்ந்த சாவியில் மேடுகள் மழுங்கிப் போயிருக்கும். அதைக் கொண்டுபோய் நகல் எடுத்தால், மழுங்கலுக்கும் சேர்த்து நகல் வரும். நகலின் நகல் இன்னும் மோசம். வகுப்பில் ஒரு பிள்ளையைப் பார்த்து இன்னொரு பிள்ளை எழுதி, அதைப் பார்த்து மூன்றாவது பிள்ளை எழுதினால் என்ன ஆகுமோ அதுதான். வீட்டில் எங்காவது பயன்படுத்தாத முதல் சாவி இருந்தால், அதிலிருந்து நகல் எடுத்து நகலைப் புழக்கத்தில் விட்டு, முதலைப் பத்திரப்படுத்துங்கள். பூட்டு கடினமாக இருந்தால் சமையல் எண்ணெய் விடாதீர்கள். தூசியைப் பிடித்துக் களிம்பாக்கிவிடும். கிராஃபைட் தூள் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள்.

சாவி திரும்பவே மாட்டேன் என்கிறதா? பலமுறை காரணம் ஸ்டீரிங் பூட்டுதான். ஸ்டீரிங்கை இலேசாக இடமும் வலமும் அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். குறடு போட்டுத் திருகினால் சாவி உடைந்து பாதி உள்ளே தங்கும்.

ஒரு சிறு சுவிட்சு எவ்வளவு பெரிய கேட்டைச் செய்யும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014-இல் ஏறக்குறைய 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. சாவிச் சுவிட்சுக்குள் இருந்த ஒரு ஸ்பிரிங் வேண்டிய அளவு பலமாக இல்லை. கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ, பள்ளத்தில் வண்டி குலுங்கினாலோ சாவி தானாகவே பின்னால் நழுவும்; ஓடும்போதே எஞ்சின் நிற்கும்; மோதினால் காற்றுப் பையும் விரியாது. 124 மரணங்களுக்கு இழப்பீடு வழங்க ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்தக் கார்களின் பட்டியலில் போண்டியாக் சால்ஸ்டிஸ், சாட்டர்ன் ஸ்கை என்ற இரண்டு விரைவுக் கார்களும் இருந்தன. நம் வண்டிகள் வேறு வகைதான். ஆனால் தேய்ந்த சுவிட்சு எந்த ஊரிலும் தேய்ந்த சுவிட்சுதான். வீட்டுச் சாவி, மோட்டார் சைக்கிள் சாவி, அலமாரிச் சாவி, கோவில் பெட்டிச் சாவி, மேலே ஒரு பித்தளை முருகன் என்று அரைக் கிலோ கொத்தைக் கார்ச் சாவியில் தொங்கவிடாதீர்கள். கார்ச் சாவி தனியே இருக்கட்டும்.

இதோடு சேர்ந்தது இன்னொரு பழக்கம். கோலகுபுபாருவிலிருந்து பிரேசர் மலைப் பாதையிலும், உலு யாம் மேட்டிலும் இறங்கும்போது பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறோம் என்று சாவியை அணைத்து வண்டியை உருட்டுகிற பையன்கள் இருக்கிறார்கள். எஞ்சின் நின்றதும் பிரேக்குக்கு உதவும் காற்றுறிஞ்சல் இரண்டு மூன்று மிதிக்குள் தீர்ந்துவிடும்; பிறகு பிரேக் கல்லாகக் கனக்கும். சாவி ஒரு படி கூடப் பின்னால் போய்க் கைக்கு வந்துவிட்டால் ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும். வளைவில் பூட்டிக்கொண்டால் முன்னால் பள்ளம்தான். மிச்சம் பிடித்த பெட்ரோல் காசுக்குத் தேநீர்கூட வாங்க முடியாது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார், இன்றிரவே மகனைக் கேளுங்கள்: "நீ அப்படி ஓட்டுறியாடா?"

2000-ஐ ஒட்டியும் அதற்குப் பின்னும் வந்த பல கார்களில் சாவி வெறும் உலோகம் அல்ல. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசிமணி அளவில் ஒரு சில்லு இருக்கிறது. அதற்குப் பேட்டரி கிடையாது. சாவித்துளையைச் சுற்றி வளையமாக ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பும்போது அந்தச் சுருள் வானொலி அலையை அனுப்பும். அந்த அலையிலிருந்தே சில்லு உயிர்பெற்றுத் தன் இரகசிய எண்ணைச் சொல்லும். எண் சரியாக இருந்தால் கணினிப் பெட்டி எரிபொருளை விடும். இல்லாவிட்டால் எஞ்சின் சுற்றும், பற்றாது. அல்லது பற்றி ஒரு விநாடியில் அணையும். இதற்கு இம்மொபிலைசர் என்று பெயர். ஐரோப்பாவில் கார்த் திருட்டு பெருகியதால் 1998-இலிருந்து புதிய கார்களில் இது கட்டாயமாக்கப்பட்டது. நாம் முன்னே சொன்ன காவல்காரன் இவன்தான்.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்றுண்டு. கதவைத் திறக்கும் பொத்தானுக்கு மட்டும்தான் சிறு வட்டப் பேட்டரி தேவை. அது தீர்ந்தால் கதவைச் சாவியால் திறந்து வண்டியை ஓட்டலாம். பல வண்டிகளில் காவல்காரன் தடுக்க மாட்டான். ஆனால் சாவி கீழே விழுந்து உடைந்து, தலையை மாற்றும்போது சில்லு தவறிப்போனால், புத்தம்புதுப் பேட்டரி போட்டாலும் வண்டி ஓடாது. உடைந்த தலையைக் குப்பையில் போடாதீர்கள். துணி துவைக்கும்போது சட்டைப் பையைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். இரண்டு சில்லுச் சாவிகளை ஒரே வளையத்தில் மாட்டினால் சில வண்டிகளில் ஒன்றன் குரலை மற்றொன்று கெடுக்கும். விலக்கிவைத்துத் திருப்பிப் பாருங்கள்.

இருக்கும் ஒரே சில்லுச் சாவியும் தொலைந்தால் செலவு அதிகம். ஒரு சாவி கையில் இருக்கும்போதே இரண்டாவது செய்துகொள்வது மிகக் குறைவு. அதற்குப் போகும்போது வண்டியின் கிராண்டையும் அடையாள அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். 'எதுக்கு இதெல்லாம்?' என்று கேட்காமல் சாவி செய்து கொடுக்கும் கடைக்காரர், உங்கள் காருக்கும் யாரோ ஒருவனுக்குக் கேட்காமல் சாவி செய்து கொடுப்பார்.

வெளியில் வாங்கிப் பூட்டிய அலாரம் தனிக் கதை. முன்னாள் சொந்தக்காரர் ஒருவர் போட்டிருப்பார். அவருக்குப் பின் வந்தவர் இன்னொன்றைப் போட்டிருப்பார். டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டால் மாரியம்மன் திருவிழாத் தோரணம்போல் கம்பிகள் தொங்கும். முதல் அலாரத்தின் ரிலே எரிபொருள் பம்பின் கம்பியை வெட்டி நடுவில் உட்கார்ந்திருக்கும். அது கெட்டால் நடுச்சாலையில் வண்டி நிற்கும். சாவியை ஓட்ட நிலைக்குத் திருப்பிப் பின்னிருக்கையருகே காதை வையுங்கள். பல வண்டிகளில் ஓரிரு விநாடி பம்பு முனகும். சிலவற்றில் எஞ்சின் சுற்றும்போது மட்டும் முனகும். உங்கள் வண்டியின் வழக்கம் என்ன என்பதை நன்றாக ஓடும் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும். பழைய ஹோண்டாக்களில் இன்னொரு பிணி: வெயிலில் நின்ற வண்டி ஓடாது, மாலை குளிர்ந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். ரிலேக்குள் பற்றவைத்த ஈயத்தில் மயிரிழை வெடிப்பு. ஈயம் பற்றவைக்கத் தெரிந்த கைக்கு அரைமணி வேலை.

கணினிப் பெட்டியை மட்டும் வீட்டில் நோண்டாதிருப்பது நலம். 1990களின் சில மிட்சுபிஷி வகைப் பெட்டிகளுக்குள் இருக்கும் மின்தேக்கிகள் வயதானால் கசிந்து பலகையை அரிக்கும். திறந்தால் மீன் வாடை அடிக்கும். அதற்கென்று இருக்கும் ஆட்களிடம் கொடுங்கள். ஆனால் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பெட்டியே கெட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பெட்டி தன் குறையை எண்ணாகச் சொல்லும். அக்காலச் சில வண்டிகளில் அந்த விளக்கே நீளமும் குட்டையுமாக மினுக்கி எண்ணைக் காட்டும். நீளம் பத்து, குட்டை ஒன்று. பின்னாளில் வந்தவற்றுக்கு ஒரு சிறு கருவியைச் செருகினால் போதும். எண்ணைப் படிக்காமல் பொருளை மாற்றச் சொல்பவரிடம் அவசரப்பட்டுப் பணம் கொடுக்காதீர்கள்.

துரைமார் காலத்து ஆங்கிலேய விரைவுக் கார்களை எடுத்துச் சீர்செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்.ஜி.பி. போன்ற கார்களில் 1967 வரைக்கும் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு இணைந்திருந்தது. இருக்கைக்குப் பின்னால் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டு இருக்கும். நாம் மேலே சொன்ன கறுப்பு, சிவப்பு வரிசை அங்கே தலைகீழ். தெரியாமல் புது வானொலியைப் பூட்டினால் பூட்டிய மாத்திரத்தில் புகை வரும்.

வேறொரு வண்டியிலிருந்து பேட்டரிக்கு உயிரூட்டும்போது சிவப்புக் கம்பியை முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவிலும், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலும் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் நெகடிவில் மாட்டி, மறுமுனையைச் செத்த பேட்டரியில் அல்லாமல் அந்த வண்டியின் எஞ்சின் இரும்பில் மாட்டுங்கள். கடைசிப் பொறி பேட்டரி வாயுவுக்கு அருகில் பறக்காதிருக்கத்தான் இது.

கடைசியாக, சாவியும் பிள்ளையும். பழைய வண்டிகளில் நடுப்பூட்டு கெட்டிருந்தால் கதவு தானாகவே பூட்டிக்கொள்ளும். சாவி உள்ளே, குழந்தை உள்ளே, நாம் வெளியே. நம் வெயிலில் மூடிய காரின் உட்புறம் சில நிமிடங்களிலேயே அடுப்பாகிவிடும். குழந்தையின் உடம்பு பெரியவர் உடம்பைவிட வேகமாகச் சூடேறும். அப்போது சாவிக்காரர் வரும்வரை காத்திருக்காதீர்கள், கண்ணாடியின் விலையையும் நினைக்காதீர்கள். குழந்தை இருக்கும் இடத்துக்குத் தூரமான பக்கக் கண்ணாடியின் மூலையில் ஸ்பானராலோ சுத்தியலாலோ ஓங்கி அடியுங்கள். பக்கக் கண்ணாடி சிறு துணுக்குகளாக உதிரும். முன்கண்ணாடியை அடிக்காதீர்கள், அது அடுக்குக் கண்ணாடி, விட்டுக் கொடுக்காது. அதே சமயத்தில் ஒருவர் 999-ஐ அழைக்கட்டும். இரண்டாவது சாவி ஒன்று வீட்டுக்குள், அம்மாவுக்குத் தெரிந்த ஆணியில், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் எப்போதும் தொங்கட்டும்.